ஒன்றே முக்கால் பவுன்

“விக்கவும் இல்ல, வைக்கவும் இல்லண்ணா. நல்ல தங்கம்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

2009-இல் ஒரு சனிக்கிழமை, வங்கி மூடுகிற நேரம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்து எனக்கு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை என் மேசைக்கு வந்த நகையெல்லாம் அடகுக்கு வந்தவைதான். சரிபார்க்க மட்டும் ஒரு நகையைக் கொண்டுவந்த முதல் ஆள் அந்தப் பெண். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஊர் செய்யாறு பக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் இரண்டு வருஷம் நகைச்சீட்டு கட்டி, ஓவர்டைம் பார்த்த காசையும் சேர்த்துப் போட்டு வாங்கிய செயின். தராசில் வைத்தேன். 14.020 கிராம். ஒன்றே முக்கால் பவுனுக்கு இம்மி கூடுதல்.

உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டேன். பித்தளையாக இருந்தால் கோடு பச்சையாக நுரைத்துக் காணாமல் போய்விடும். இந்தக் கோடு அப்படியே நின்றது.

“நல்ல தங்கம்மா. தைரியமாப் போட்டுக்கோ.”

அங்கேயே நின்று போட்டுக்கொண்டாள். “எங்க வீட்ல இவ்ளோ தங்கம் வாங்குனது நான்தாண்ணா மொதல்ல. எங்கம்மா தாலியில குந்துமணி அளவுதான் இருக்கும்” என்றாள். கூலி கேட்டாள். வாங்கவில்லை. அவள் படியிறங்கிப் போனபோது அடையாள அட்டையின் நாடாவும் அந்தச் செயினும் ஒன்றாகக் கழுத்தில் கிடந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

அந்த உரைகல் என் தாத்தா வைத்திருந்தது. காஞ்சிபுரத்தில் எங்களுக்குப் பட்டறை இருந்தது. மூன்று தலைமுறைப் பொற்கொல்லர்கள் நாங்கள். கல்லில் கோடுகள் நிறைந்துவிட்டால் அப்பா மெழுகு உருண்டையை அழுத்தி எடுப்பார். கல்லில் ஒட்டியதும் பொன்தான், அதை வீணாக்கக் கூடாது என்பார். மெஷின் செயின்கள் வந்தன. பெரிய கடைகள் வந்தன. 2000-க்குப் பிறகு ஹால்மார்க் முத்திரையைப் பற்றி ஜனங்கள் கேட்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முழு நகையும் செய்யக் கொடுத்த குடும்பங்கள், அறுந்த கொக்கியைப் பற்றவைக்க மட்டும் வந்தன. கடைசியில் அப்பாவுக்குக் காது குத்துகிற வேலைதான் மிச்சம். கல்லை என் கையில் கொடுத்து, “செய்யறதுக்கு இல்லன்னாலும் பாக்கறதுக்கு ஆள் வேணும்பா. போ” என்றார்.

மதிப்பீட்டாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. கடன் வாங்குபவர் கணக்கிலிருந்து ஒவ்வொரு கடனுக்கும் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். அதுதான் என் வருமானம். நகை வராத நாளில் எனக்குக் காசு இல்லை. பிஎஃப் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை, விடுப்பும் இல்லை. நான் நல்லதென்று எழுதிக் கொடுத்தது பின்னால் போலி என்று தெரிந்தால் அந்த நஷ்டம் என் தலையில் விழும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேனே தவிர, எதிரே நின்றவர்களின் கூட்டத்தில்தான் நானும் ஒருவன்.

நான் வந்த காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கவே ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் வந்து, 1998-இல் கார் ஓட்டிக் காட்டியிருந்தது. 2006 தொடக்கத்தில் நோக்கியா ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற ஒரகடம் கூட்டுரோட்டில், விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள். அப்பன் கரும்பு வெட்டினான், மகன் கார் பூட்டுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

கொஞ்ச நாளில் எனக்கு ஆட்களை முகத்தைப் பார்க்கும் முன்பே நாடாவை வைத்து அடையாளம் தெரிந்தது. பல கம்பெனிகளில் பெர்மனென்ட் ஆளுக்கு ஒரு நிறம், காண்ட்ராக்டுக்கு ஒரு நிறம், டிரெய்னிக்கு இன்னொரு நிறம். ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்குகிறவர்கள். என் மேசையில் வந்து நிற்கும்போது இரண்டு உலகமாக இருப்பார்கள்.

பெர்மனென்ட் நாடா ஒரு காரணத்தோடு வரும். மனை பத்திரம் பதிய வேண்டும், வீட்டுக்குக் கான்கிரீட் போட வேண்டும், தங்கைக்குக் கல்யாணம். எப்போது திருப்புவேன் என்று அவர்களே தேதி சொல்வார்கள். தீபாவளி போனஸ் வந்த வாரம் வந்து திருப்பிக்கொண்டும் போவார்கள். 1990-களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டே முறைதான் என்னிடம் வந்தார். முதல் முறை வாலாஜாபாத் பக்கம் மனை. இரண்டாம் முறை அதில் கட்டிய வீட்டுக்குத் தளம். அதன் பிறகு அவர் மனைவியின் நகையை நான் பார்க்கவே இல்லை. நடுத்தரக் குடும்பம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், சம்பளத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். நகை வீட்டில் தூங்குகிற குடும்பம் என்பேன்.

காண்ட்ராக்ட் நாடா காரணம் சொல்லாமல் வரும். ஜூன் முதல் வாரம் வந்தால் பள்ளிக்கூடக் கட்டணம். மற்ற மாதங்களில் வந்தால் பெரும்பாலும் ‘பிரேக்’. ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து நிறுத்தி, ஒன்றிரண்டு மாதம் கழித்து இன்னொரு காண்ட்ராக்டர் பெயரில் எடுப்பார்கள். அந்த இரண்டு மாத வாடகையும் அரிசியும் நகையாக என் தராசில் ஏறும். இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் தெரியாதவருக்கும் அந்த எண் தெரியும். “நானூத்தி எம்பது ஆக விடமாட்டாங்க சார்” என்று நாள்கணக்கைப் பிரசவத் தேதி மாதிரி எண்ணிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

2012-இல் அந்தச் செய்யாற்றுப் பெண்ணின் செயின் முதல்முறையாக அடகுக்கு வந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகி, கையில் மூன்று மாதக் குழந்தை. கணவன் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட். அவனுக்குப் பிரேக். அவள் பிரசவ விடுப்பில். “ரெண்டே மாசம்தாண்ணா” என்றாள். 13.980 கிராம். கழுத்திலேயே கிடந்ததில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. 25,000 ரூபாய் எழுதினோம்.

சொன்னபடி திருப்பினாள். இரண்டு மாதத்தில் இல்லை, பதினொன்றாம் மாதத்தில். அந்த வகையில் அவள் தப்பித்தாள். 2013 ஏப்ரலில் தங்கம் உலகச் சந்தையில் சரிந்தது. அதுவரை தங்கம் இறங்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைத்ததில்லை. அடகுக் கடைகளிலும் நிதி நிறுவனங்களிலும் உச்ச விலைக்கு வைத்தவர்களுக்கு, கடனும் வட்டியும் சேர்ந்து நகையின் விலையை நெருங்கியது. மீட்டு என்ன பயன் என்று சிலர் விட்டுவிட்டார்கள். விட முடியாதவர்கள் வட்டிக்கு வாங்கி வட்டி கட்டினார்கள். ‘நகை மூழ்கிப் போச்சு’ என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஊருணியில் விழுந்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரலில் அதைச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு நோக்கியா. வரி வழக்கில் ஆலையின் சொத்து முடங்கியது. கம்பெனியின் கைபேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. விருப்ப ஓய்வு என்பது ஐம்பது வயதுக்காரர்களின் சொல் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்த ஆண்டு இருபத்தைந்து வயதுப் பெண்கள் அந்தச் சொல்லை என் மேசையில் சொன்னார்கள்.

செய்யாற்றுப் பெண் நோக்கியாவில் இல்லை. அதை நம்பியிருந்த ஒரு சிறு கம்பெனியில் இருந்தாள். அங்கே விருப்ப ஓய்வு என்றெல்லாம் எதுவும் தரவில்லை. “ஆர்டர் இல்ல, வரவேண்டாம்னுட்டாங்க” என்றாள். ஏழு ஆண்டு வேலை ஒரு வாக்கியத்தில் முடிந்தது. டிசம்பரில் செயினை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அது அவள் கழுத்தில் ஓர் ஆண்டு முழுதாகக் கிடந்ததில்லை. வட்டி கட்டித் திருப்பி வைப்பாள். போனஸ் வந்தால் மீட்பாள். ஜூனில் மறுபடியும் வரும். இதற்குள் அவள் வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்திருந்தாள். பழைய அனுபவத்துக்குக் கணக்கு இல்லை. புதுப் பிள்ளைகளுக்கு என்ன சம்பளமோ அதுதான் அவளுக்கும்.

மேலே ஏறியவர்கள் சறுக்கியதையும் பார்த்தேன். ஈஎஸ்ஐ-க்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியிலிருந்து மாதம் 21,000 ரூபாய். ஒருவருக்குச் சம்பள உயர்வு வந்து அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டி, ஈஎஸ்ஐ-யை விட்டு வெளியே வந்தார். ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். ஒன்றரை ஆண்டு கழித்து அவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி. கம்பெனிக் காப்பீட்டில் அப்பா அம்மாவுக்கு இடமில்லை. மருத்துவமனை பில்லுக்காக மனைவியின் ஆரமும் வளையலும் ஒரே நாளில் வந்தன. ஏறிய சம்பளம் எவ்வளவு, போன நகை எவ்வளவு என்று அவர் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு. வங்கி திறந்திருந்தது, நகை வரவில்லை. பஸ் இல்லை. ஒடிசா, பீகார், அஸ்ஸாம் பையன்கள் மட்டும் ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்று, இருந்ததை எடுத்துக்கொண்டு மூட்டையோடு கிளம்பினார்கள். அடகு வைக்க ஒரு குந்துமணி தங்கமும் இல்லாதவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்தபோதுதான் என் மேசைக்கு வருகிறவர்கள் கூடக் கடைசிப் படியில் இல்லை என்று புரிந்தது.

இரண்டு மாதம் எனக்கு வருமானம் ஏறக்குறைய இல்லை. மே மாதக் கடைசியில் என் மனைவி தன் வளையலைக் கழற்றி எதுவும் சொல்லாமல் மேசைமேல் வைத்தாள். என் அப்பா கையால் செய்தது, எங்கள் கல்யாணத்துக்கு. சொந்த நகையை நானே மதிப்பிடக் கூடாது. காஞ்சிபுரத்தில் வேறொரு வங்கிக்குப் போனேன். அங்கே மதிப்பீட்டாளர் எனக்குத் தெரிந்தவர், எங்கள் தெருக்காரர். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். அவர் வளையலை உரைத்த சத்தம் கேட்டது. பதின்மூன்று ஆண்டு ஒரு நாளைக்கு இருபது முறை கேட்ட சத்தம். எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் அது பல்லில் படுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “நல்ல பொன்னுன்னு சொன்னாரா?” என்று மட்டும் கேட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியது. வங்கிகள் நகை மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அந்த மாதம் தற்காலிகமாக அனுமதித்தது. சமூக இடைவெளி வட்டங்களை மிதித்துக்கொண்டு கூட்டம் வந்தது. எனக்கு வருமானம் வந்தது. அதை எண்ணி வாங்கும்போது கை கூசியது. ஏற்கெனவே வைத்த நகையை அன்றைய விலைக்கு மாற்றி வைத்து, பழைய கடனைக் கழித்து மீதியை வாங்கிப் போனார்கள். செய்யாற்றுப் பெண்ணும் வந்தாள். அதே செயினுக்கு 60,000 ரூபாய்.

அன்று இரவு என் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வங்கிப் பதிவேடு வேறு. இது எனக்காக எழுதி வைக்கிற எடைக் குறிப்பு. எட்டு ஆண்டுகளில் அந்தச் செயின் எடையில் குறைந்திருந்தது. அதன் மேல் இருந்த கடன் 25,000-லிருந்து 60,000 ஆகியிருந்தது. தங்கம் விலை ஏறினால் தங்கம் வைத்திருப்பவன் வளர்ந்தான் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். என் மேசையில் நான் பார்த்தது வேறு. விலை ஏறிய ஒவ்வொரு முறையும் அந்த ஏற்றத்தை வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் வந்து எடுத்துக்கொண்டன. சம்பளம் எட்டாத இடைவெளியைத் தங்கத்தின் விலை நிரப்பியது. குடும்பம் நின்ற இடத்திலேயே நிற்க, அடியில் கடன் மட்டும் உயர்ந்தது. தங்கம் ஏறாமல் இருந்திருந்தால் இந்தச் சாலையின் இருபுறமும் எத்தனை வீடுகள் எப்போதோ சாய்ந்திருக்கும் என்று நினைக்கையில் இன்றும் எனக்கு நடுக்கம் வருகிறது.

2021-இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. பயனடைந்த குடும்பங்களின் முகத்தைப் பார்த்தேன். அது உண்மையான மகிழ்ச்சி. ஆனால் மீண்ட நகைகள் பல அடுத்த ஜூனில் என் மேசைக்கு வந்தன. கடன் போனது. கடனைக் கொண்டுவந்த காரணம் போகவில்லை. பதின்மூன்றாம் மாதமும் சம்பளம் வரும் என்று தெரிந்தவன் கொஞ்சச் சம்பளத்திலும் நகையை மீட்டுவிடுவான். அது தெரியாதவன் கூடுதல் சம்பளத்திலும் மீட்க மாட்டான். இத்தனை ஆண்டு உரைத்துப் பார்த்து நான் கண்டது இதுதான்.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. மறு ஆண்டு ஜனவரியில் சங்கம் பதிவானது. வேலைநிறுத்த நாட்களில் என் மேசைக்கு எதிரே நின்றவர்கள் அதைப் பற்றித்தான் பேசினார்கள். “பெர்மனென்ட் ஆளுங்களே ரோட்ல ஒக்காந்தா நாங்க எங்க போறது?” என்றார் ஒருவர். பின்னால் நின்ற பெரியவர், “அவங்க ஒக்காந்தாதாம்பா நாளைக்கு நீ நிக்க முடியும்” என்றார். இரண்டு பேரும் நகை வைக்கத்தான் வந்திருந்தார்கள். பெரியவர் சொன்னதை நான் நம்புகிறேன். பேரம் பேச ஓர் இடம் இல்லாதவனுக்குப் பேச இருக்கிற ஒரே இடம் அடகு மேசைதான். இங்கே அவனுக்காகப் பேசுவது அவன் நகை.

2024 தீபாவளி முடிந்து செய்யாற்றுப் பெண் வந்தாள். முன்நெற்றியில் நரை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, கூடவே வந்திருந்தாள். கணவனுக்கு மறுபடியும் பிரேக். கெடு முடிந்ததால் கணக்கை முடித்து, அதே செயினைப் புதுக் கடனாக எழுத வேண்டும். பையிலிருந்து எடுத்துத் தராசில் வைத்தேன்.

“எவ்ளோண்ணா இருக்கு?”

“பதிமூணு எண்ணூத்தி எழுவது.”

“மொத மொத காட்டுனப்போ?”

நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. “பதினாலு இருவது.”

கணக்குப் போட்டாள். 150 மில்லிகிராம். “பாதி என் கழுத்துல தேஞ்சிருக்கும். மீதி உங்க கல்லுல தேஞ்சிருக்கும்ணா” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு ஒன்றாகப் பயணித்தவர்கள் பேசுகிற மாதிரிதான் சொன்னாள். மகள், “நான் இத நீ போட்டுப் பாத்ததே இல்லியேம்மா” என்றாள். அவள் பார்த்திருப்பாள். நினைவில் நிற்கிற அளவு நாள் அது வீட்டில் இருக்கவில்லை.

அந்தச் செயினின் தரம் எனக்குத் தெரியும். என் வீட்டு நகையை விட அதிக முறை நான் தொட்ட நகை. உரைக்க மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கடனுக்கும் புதிதாக உரைத்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. இருந்ததிலேயே மெல்லிய கோடாக இழுத்தேன். அமிலம் ஒரு சொட்டு விட்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

கோடு அப்படியே நின்றது. தங்கத்தில் ஒரு குறையும் இல்லை.